ஆடு மேயும் வரைக்கும்

கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு புலத்திலும் நேரில் இறங்கிப் பார்த்து, அதில் என்ன விளைகிறது, நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று அடங்கல் என்ற பதிவேட்டில் எழுத வேண்டும். இதுதான் விதி. வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இது மனப்பாடம். விதி மனப்பாடமாக இருப்பதால் ஒரு பயனும் இல்லை என்பதை ஓய்வுக்குப் பிறகுதான் படித்தேன்.

எருமப்பட்டிப் பக்கம் எங்கள் அறக்கட்டளைக்கு ஒரு கொறங்காடு இருக்கிறது. கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலம். ஒரு பக்கம் கோழிப்பண்ணை. மற்ற பக்கமெல்லாம் மஞ்சள் கல் நட்ட மனைகள். நிலத்துக்காரர் சாவதற்கு முன் அதை எங்கள் ஐந்து பேர் பெயரில் அறக்கட்டளையாக எழுதிவைத்தார். மகன்கள் மனை போட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்களையும் அவர் பெரிதாக நம்பவில்லை.

"ஆடு மேயற வரைக்கும் உங்களுது. மேய்ச்சல் நின்னுபோச்சுன்னா பசங்களுக்கே போயிரட்டுங்க. இல்லாட்டி நீங்க அதுல கட்டடம் கட்டி, போர்டு மாட்டி, வருசா வருசம் கூட்டம் போடுவீங்க" என்றார். அப்படியே பத்திரத்தில் நிபந்தனையாக எழுதினோம்.

ஐவரில் இருவர் பிள்ளைகளோடு பெங்களூர் போய்விட்டார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது. இன்னொருவர் கூட்டத்துக்கு மட்டும் வருவார். ஆக, அறக்கட்டளை என்பது நானும் என் முழங்கால் வலியும்தான். ஆடுகள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியுடையவை. புருசன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடநாட்டில் இருக்கிறான். ஆடுகளுக்கு அந்தப் பகுதியில் வேறு மேய்ச்சல் கிடையாது.

போன வருடக் கடைசியில் அடங்கலில் எங்கள் புலத்துக்கு நேராக 'தரிசு' என்று ஏறிவிட்டது. அதன் நகலை இணைத்து மகன்களின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மேய்ச்சல் நின்றுவிட்டது, நிலத்தைத் திருப்பிக் கொடு. மூத்தவனுக்கு போன் போட்டேன்.

"மாமா, ஆடே இல்லைன்னு கவர்மென்டே எழுதிருச்சுங்க. நாங்க என்னங்க பண்றது?" என்றான், நிஜமான வருத்தத்தோடு. பசலி முடியும்வரை பொறுப்பதாகவும், அதற்குள் பதிவு திருத்தப்படாவிட்டால் வழக்கு என்றும் சொன்னான். வருவாய்த் துறையின் ஆண்டுக்குப் பசலி என்று பெயர். ஜூலை ஒன்றில் பிறந்து ஜூன் முப்பதில் சாகும். அடுத்த நாள் அடங்கல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

தாசில்தாருக்கு மனு, கோட்டாட்சியருக்கு மனு, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு. எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. ஒருநாள் கிராம நிர்வாக அலுவலரையே கையோடு அழைத்துப்போனேன். நல்ல பையன். வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணுந் தெரியலைங்களே சார்."

தெரியாதுதான். ஆக்கிரமிப்பு வரக்கூடாதென்று கிளுவையை ஆள் உயரத்துக்கு அடர்த்தியாக வளர்த்தது நாங்கள். உள்ளே ஆடுகள் வேலாமரத்து நிழலில் படுத்திருந்தன.

"உள்ள போயிப் பாக்கோணும்னுதானுங்க விதி" என்றேன்.

"முள்ளுங்க சார். பேன்ட் போயிருமுங்க."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆட்டுக்காரி குரல் கொடுத்தாள். "பேன்ட்டு கிழிஞ்சா ஊட்ல தெச்சுக்கலாம் சாமி. காடு போச்சுன்னா நான் ஆட்டையெல்லாம் வித்துப்போட்டு கோழிப்பண்ணைல முட்டை பொறுக்கோணும்."

பையன் சிரித்துவிட்டான். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஆடுகளைப் பார்த்தான். ஒன்று எழுந்து அவன் செருப்பை மோந்தது. வெளியே வந்து, "இருக்குதுங்க சார். ஆனா ஏறுன பதிவ நானா மாத்த முடியாதுங்க. தாசில்தார் உத்தரவு வேணும்" என்றான். சரியான பதில். அதனால்தான் எரிச்சலாக இருந்தது.

பிறகு வருடாந்திரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியிலும் ஒரு மனு கொடுத்தேன். வழியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்க சார், என்ற ஆட்டுக்கு இன்னம் வேலை நிரந்தரம் ஆகலீங்களா?" என்று கேட்பாள். நான் அடுத்த வாரம் என்பேன்.

படலுக்கு வெளியே மஞ்சள் கற்கள் வந்து குவிந்தன. யார் இறக்கினார்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு மனு எழுத வேண்டியிருக்கும்.

கடைசியில் பதிவுத் தபாலில் உத்தரவு வந்தது. 'நடப்புப் பசலிக்கு மட்டும், தரிசு என்பதை மேய்ச்சல் எனத் திருத்தலாம்.' நகலை மூத்தவனுக்கு அனுப்பினேன். "சரிங்க மாமா, இந்த வருசத்துக்கு விட்டர்றோம்" என்றான். ஆட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன்.

"இனி தொந்தரவு இல்லீங்களே சார்?"

"இன்னிக்கு இல்லைங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, பெறுநர், பொருள் எல்லாம் எழுதி வைத்தேன். தேதிக்கு மட்டும் இடம் விட்டேன், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று. உத்தரவு என் கைக்கு வந்த நாள் ஜூன் முப்பது.