கோட்டைத் தாண்டி நின்ற கார்

கொச்சங்காடி ஏலக்காய்க் கிடங்கில் ஒன்பது வருடம் தரம் பிரித்தவள் இசக்கிசெல்வி. ஒரு நாள் பொட்டலம் ஒன்று காணாமல் போனது. மேற்பார்வையாளன் ரமேஷ்பாபு, முப்பது பெண்கள் பார்க்க, அவளைச் சேலை முந்தானையை உதறிக் காட்டச் சொன்னான். மறுநாள் பொட்டலம் தராசுக்கு அடியிலேயே கிடந்தது. அவன் மூச்சு விடவில்லை. அந்த வாரமே அவள் வேலையை விட்டாள். அவனுக்கு என்ன குறை? இன்றைக்குக் காக்கநாட்டில் பெரிய கம்பெனி, வெள்ளைக் கார். அவன் வாயிலிருந்து மன்னிப்பைப் பிடுங்காமல் கண்ணை மூடுவதில்லை என்று இவள் இருந்தாள்.

இப்போது பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, பைபாஸில் வண்டிகள் ஏறும் வழியில் போக்குவரத்துக் காவல் நிற்கிறாள். அவன் தினமும் அந்த வழியாகத்தான் போகிறான் என்று தெரிந்தே கேட்டு வாங்கிய இடம். காலையில் பைபாஸ் அடைத்துக்கொள்ளாமல் இருக்க அங்கே ஒரு சிக்னல் வைத்திருக்கிறார்கள். ஒரு பச்சைக்கு ஒரு வண்டி. வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் நின்றால்தான் தரைக்குள் இருக்கும் கருவிக்கு வண்டி தெரியும். பாதி தாண்டிவிட்டால் சிவப்பு மாறவே மாறாது. அப்படி முந்தும் அவசரக்காரர்களைப் பின்னால் போகச் சொல்வதுதான் இவள் வேலை.

செவ்வாய்க்கிழமை வெள்ளைக் கார் கோட்டைத் தாண்டி நின்றது. இவள் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான். ஐந்து நிமிடத்தில் பின்னால் நாற்பது வண்டி சேர்ந்து ஹார்ன் காதைப் பிளந்தது.

"சேச்சி, இது எப்போ பச்சையாகும்?" ரமேஷ்பாபு கண்ணாடியை இறக்கினான்.

"எனக்கென்ன தெரியும் சார்? மெஷின்லா பாக்குது."

நேருக்கு நேர் பார்த்தும் அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

பின்னாலிருந்த லாரிக்காரன் இறங்கி வந்து கத்தினான். "கோடு காணக் கண்ணில்லேடா?"

ரமேஷ்பாபுவுக்கு வியர்த்துக் கொட்டியது. "க்ஷமிக்கணும் சேச்சி, தெரியாம முன்னால வந்துட்டேன்."

அவள் கையைக் காட்டிப் பின்னால் போகச் சொன்னாள். பச்சை விழுந்தது, போய்விட்டான். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான்தான். ஆனால் அது கோட்டைத் தாண்டியதற்குக் கேட்டது, அந்தப் பொட்டலத்துக்கு அல்ல. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய?

சாயங்காலம் டிராஃபிக் சூப்பர்வைசர் நீலகண்டன் இரக்கப்பட்டு வந்தார். "செல்வி, உன்னைக் கலூர் ஜங்ஷனுக்கு மாத்தட்டா? அங்க நல்ல நிழல் உண்டு."

"வேண்டாம் சார். இங்கயே நிக்கேன்."

"இந்த வெயில்லயா? எத்தனை நாளைக்கு?"

"ஒரு ஆளுக்கு என் மூஞ்சி ஞாபகம் வர்ற வரைக்கும் சார்."