தொட்டாலும் பறக்காத பறவைகள்

அருமனையில் ரெஜிஷாவின் வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள். காற்று உள்ளே நுழையாது. அங்கே உட்கார்ந்துதான் நாள் முழுக்கக் காற்றைக் கணினியில் ஏற்றுகிறாள். பழைய சரக்குக் கப்பல்களின் பதிவேடுகள் படங்களாக வரும். தேதி, இடம், காற்றின் திசை, வேகம் என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். அதை வைத்து ஓர் ஆய்வுக் குழு அந்தக் காலத்துக் காற்றுக்கு வரைபடம் போடுகிறது.

பிறந்தது கடற்கரையில். மீன்பிடிக்கப் போன அண்ணன் ஷிபின் புயலில் போனான், உடல் கிடைக்கவில்லை. வயர்லெஸ்ஸில் அவன் கடைசியாகப் பேசியதைக் கரையிலிருந்து கேட்டவள் இவள்.

“ஏட்டி, காத்து செத்துக் கெடக்கு. பறவையெல்லாம் போட்டுல வந்து இருக்கு. தொட்டாலும் பறக்கல்ல.”

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். இந்தக் கரையில் இப்படியொரு புயல் வந்ததே இல்லை, எப்படி எச்சரிப்பது என்றார்கள். துக்கம் கேட்க வந்த உபதேசியார் ஆண்டவருடைய சித்தம் என்றார். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: கேள்வி கேட்காதே.

சென்ற ஆண்டு ஒரு பதிவேடு வந்தது. குமரி முனைக்குத் தென்மேற்கே, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்தைய நவம்பர் 30, பிற்பகல் மூன்று மணி. காற்று இல்லை. பறவைகள் தளத்தில் வந்து அமர்கின்றன. கை பட்டும் பறக்கவில்லை. அடுத்த வரியில் புயல்.

வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

நிரப்பி அனுப்பினாள். பதிவுகளைச் சரிபார்க்கும் ஜெப்சனுக்கு ஷிபினின் கதை தெரியும். போனில் தயங்கினான். பக்கத்தில் போன இன்னொரு கப்பல் அதே புயலை 29ஆம் தேதி பிற்பகலில் எழுதியிருக்கிறதாம்.

“அக்கா, மனசுல கெடக்கறத அடிச்சிட்டியளோன்னு பயமா இருக்கு. இத எடுத்திருவோம்.”

எடுத்தால் ஒரே ஒரு கப்பலின் சாட்சிதான் மிஞ்சும். அதைக் குழு ஏற்காது. ‘வந்ததே இல்லை’ என்ற பொய் வரைபடத்திலும் ஏறிவிடும்.

மூன்று நாள் அந்தப் பக்கங்களையே பார்த்தாள். ஒவ்வொரு பக்கமும் பிற்பகலில் தொடங்கி, இரவைக் கடந்து, மறுநாள் உச்சிப்பொழுதில் முடிந்தது. சூரியன் உச்சிக்கு வந்ததும் அந்தக் கப்பலில் அடுத்த தேதியை எழுதிவிடுவார்கள். அவர்களுடைய 30ஆம் தேதிப் பிற்பகல் நமக்கு 29. இரண்டு கப்பல்களும் ஒரே நேரத்தில் ஒரே புயலுக்குள் நின்றிருந்தன.

சொன்னதும் ஜெப்சன் இரண்டு பதிவேடுகளையும் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தான்.

“அப்போ முன்னமே வந்திருக்கா?”

“வந்திருக்கு. எழுதியும் வச்சிருக்கு. ஆரும் படிக்கல்ல.”

பதிவு ஏறியது. அடுத்த பக்கத்தைத் திறந்தாள். அலை அடித்துக்கொண்டு போனவர்களின் பட்டியல். மூன்று வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் இருந்தது. நான்காவது, குமரிக் கரையில் ஏற்றிக்கொண்ட கூலியாள், பெயர் எழுதவில்லை. இதற்குக் கட்டம் கிடையாது. காற்றின் வேகத்துக்குப் பக்கத்திலிருந்த குறிப்புக் கட்டத்தில் அடித்தாள்: நம் கரையாள் ஒருவன். உடல் கிடைக்கவில்லை.

ஜெப்சன் அதை எடுக்கவில்லை.