புஷ்பராணி டீச்சரின் கேள்வியை நான் வெட்டினேன்

நானுஓயா ஸ்டேஷனில் கண்டி ரயிலுக்காகக் காத்திருந்தபோதுதான் செய்தி வந்தது. தொலைபேசியில் பேசியது ரிஸ்வான். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் எங்கள் பழைய மாணவன்.

"சேர், நம்ம புஷ்பராணி டீச்சர் மௌத்தாகிட்டாங்க சேர். காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

அழத் தொடங்கினான். அவன் என்னிடமும் படித்தவன். நான் செத்தால் இவன் இப்படி அழுவானா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவரை அறிந்து, இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களுக்கு இது அருவருப்பாக இருக்கலாம். ஆனால் பதினான்கு வருடங்கள் ஒரே ஆய்வுகூடத்தில் அவரோடு வேலை செய்தவன் நான். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் எழுதுவதெல்லாம் பொய்யாகிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து ஹட்டனில் ஆசிரியராகச் சேர்ந்தேன். நான் விஞ்ஞானப் பட்டதாரி. அவர் இறம்பொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவர். ஆளில்லாத குறைக்குத்தான் உயர்தர வகுப்பு உயிரியலில் பாதியை அவரிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு பள்ளித் தவணை முடிவதற்குள் மறுபாதியையும் அவரே எடுக்க வேண்டுமென்று பிள்ளைகள் அதிபரிடம் போய் நின்றார்கள்.

ஒருநாள் அவர் தன் வீட்டுக் கூரைத் தகரத்தில் சுரண்டிய காய்ந்த பாசியைக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்தார். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தப் பாடவேளை முடிவதற்குள் ஒரு சொட்டை எடுத்து எங்களிடமிருந்த ஒரேயொரு நுணுக்குக்காட்டியில் வைத்தார்.

"சேர், வந்து பாருங்க. முழிச்சுக்கிச்சுங்க."

தலையில் இரண்டு சக்கரம் சுழல்வது போன்ற நுண்ணுயிரிகள் நெளிந்துகொண்டிருந்தன. றொட்டிபெரா என்னும் இந்தச் சக்கர உயிரிகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். உயிரோடு பார்த்தது அன்றுதான்.

"எல்லாமே பொம்பளைங்க சேர். இந்தச் சாதியில ஆம்பளைய இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டதில்லையாம். ஆத்தா மகளப் பெக்கும், மக பேத்தியப் பெக்கும். அவ்வளவுதான்."

ஆண் இல்லாமல் நடக்கும் இலிங்கமில்முறை இனப்பெருக்கத்தை அவர் நடத்திய விதம் பலருக்கு நினைவிருக்கும். நான் வராந்தாவில் நின்று ஒட்டுக் கேட்டேன்.

"நம்ம உடம்புல ஒரே பாடத்துக்கு ரெண்டு கொப்பி இருக்கு. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. ஒவ்வொரு தலைமுறையிலயும் தாளைக் கலந்து புதுசாக் கட்டுறோம். கலக்குறதால ரெண்டு கொப்பியும் ரொம்ப விலகிப் போகாது. ரொம்பப் பிழையான தாளு கழிஞ்சும் போகும். இதுங்க கலக்குறதே இல்ல. ரெண்டையும் தனித்தனியாப் பாத்துப் பாத்து எழுதிக்கிட்டே வருதுங்க. இதுல விழுந்த பிழை இதுலயே, அதுல விழுந்தது அதுலயே. கோடிக்கணக்கான வருசம் போனா என்னா ஆவும்?"

"ரெண்டும் வேற வேற பாடமாயிடும் மிஸ்" என்று வகுப்பே கத்தியது.

மறுவாரம் கொப்பி உதாரணத்தை என் வகுப்பில் என்னுடையதாகச் சொன்னேன். முன் வாங்கில் இருந்த பிள்ளை, "இது புஷ்பராணி மிஸ் சொன்னதுதானே சேர்?" என்று கேட்டது. அன்று முழுவதும் நான் டீச்சரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகுதான் அந்தக் கடிதம். கண்டியில் ஒரு நூலகத்தில் அவர் பார்த்த, இந்த உயிரிகள் பற்றிய ஆய்வுக் கட்டுரையின் அடியில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் முகவரி இருந்தது. ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். கடைசிப் பந்தியில் ஒரு கேள்வி இருந்தது. அதை எனக்கு வாயாலும் விளக்கினார்.

"காஞ்சு கிடக்குறப்ப அதுங்களோட டீ.என்.ஏ. துண்டு துண்டா உடையுதாம். தண்ணி பட்டதும் ஒட்டிக்குதாம். ஒட்டுறப்ப, தின்ன பூஞ்சை, பற்றீரியா இதுகளோட துண்டும் சேந்து ஒட்டிக்காதா சேர்? அப்படி ஒட்டினா, ஆம்பள இல்லாமலேயே புதுசா ஏதாச்சும் உள்ள வரும்ல?"

நல்ல கேள்வி என்று அக்கணமே தெரிந்தது. எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சலும் அக்கணமே வந்தது. சிவப்புப் பேனாவால் அந்தப் பந்தியைக் குறுக்கே வெட்டினேன்.

"இது சின்னப்பிள்ளைத்தனமான கேள்வி, டீச்சர். எழுதினா சிரிப்பினம்."

"அப்படீங்களா சேர்?" என்றார். கேள்வி இல்லாத கடிதம் போனது. நன்றி சொல்லி இரண்டு வரிப் பதில் வந்தது.

ஏழு வருடங்கள் கழித்து, கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய சஞ்சிகையொன்றில் வாசித்தேன். அந்த உயிரிகளின் பரம்பரையலகுகளுக்கு, அதாவது ஜீன்களுக்கு, நடுவே பூஞ்சைகளுடையவையும் பற்றீரியாக்களுடையவையும் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். உடைந்து ஒட்டும்போது அவை நுழைந்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. இரண்டு நாள் அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் ஆய்வுகூடத்தில் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்.

"அப்ப எனக்குச் சரியாத்தான் தோணியிருக்கு."

"ஓம். எனக்கு அப்பவே தெரியும். வேணுமெண்டுதான் வெட்டினனான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கேக்கக் கூடாத கேள்வின்னு நெனச்சு ஏழு வருசமாப் பிள்ளைங்ககிட்டகூடச் சொல்லல, சேர்."

அலுமாரியைத் திறந்து, பழைய கடிதங்கள் வைக்கும் கோவைக்குள் இருந்து, நான் சிவப்பில் வெட்டிய அந்த வரைவுத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே வச்சுக்கங்க." மணி அடித்ததும் சஞ்சிகையோடு வகுப்புக்குப் போனார். பிள்ளைகள் கைதட்டும் சத்தம் கேட்டது. அப்போதும் பொறாமைதான் பட்டேன்.

ஒரு தவணை முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள், நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடித் தகடு இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குள் இறந்துவிட்டார்.

வரைவுத் தாள் என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து வந்து எனக்குள் ஒட்டிக்கொண்ட இன்னொன்றும் இருக்கிறது. சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, பாடப்புத்தகத்தில் எங்கும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு இது தோன்றவில்லையே என்று அவள் மேலும் பொறாமை வந்தது. அந்தப் பொறாமையோடேயே திரும்பி, அவள் கேட்டதை ஒரு சொல் விடாமல் கரும்பலகையில் எழுதினேன்.