மீசையை எடுத்த மருதாசலம்

"எடுத்துரட்டுங்களா அண்ணா?" என்று மூன்றாம் தடவையாகக் கேட்டான் சரவணமுத்து. படக்கம்பெனியில் சவரம் செய்கிறவன். அவன் கத்தி மருதாசலத்தின் மேலுதட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

"எடுப்பா."

"உங்கப்பா இருக்கறாருங்களா?"

"எடப்பாடியில இருக்கறாரு."

"அப்புறம் எப்பிடீங்க எடுக்கறது? பெத்தவங்களுக்குக் கொள்ளி வெச்சவன் எடுக்கற மீசைங்க இது."

வெளியிலிருந்து டைரக்டர் சத்தம் போட்டார். "என்னய்யா அங்கே, மீசை எடுக்கிறீங்களா, பத்திரம் எழுதுறீங்களா? வெயில் போயிட்டிருக்கு!"

மீசை போயிற்று.

மூன்று வருஷமாக மருதாசலம் சேலத்து அந்தக் கம்பெனியில் நாலாவது காவலன். இல்லாவிட்டால் பாடை தூக்குகிறவர்களில் பின்பக்கத்து ஆள். இப்போது, பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்கென்று ஒரு சின்ன ஹாஸ்யப் படம் எடுத்தார்கள். பெயர் 'பண்ணாடிக்குப் பதினாறு'. ஐம்பது வயசுப் பண்ணாடி, நிலபுலமுள்ள பண்ணைக்காரர் ஒருவர், இரண்டாம் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டு, சாமியார் கொடுத்த வேரை அளவுக்கு மீறித் தின்றுவிட்டுப் பதினாறு வயசுப் பையனாகிவிடுகிறார். கட்டின பெண்டாட்டியே காதைத் திருகிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். கடைசியில் அழுது கெஞ்சிப் பழைய உருவத்துக்குத் திரும்புகிறார். மருதாசலம் குள்ளம், ஒல்லி. கிழவனுக்கும் பையனுக்கும் இவன் ஒருத்தனே போதும் என்று பிடித்துப் போட்டார்கள். பண்ணாடி வரும் இடங்களையெல்லாம் அவனுடைய சொந்த மீசைக்கு வெள்ளை பூசி முதலிலேயே எடுத்து முடித்தாயிற்று.

அன்று சாயங்காலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் தன் ஒற்றை அறைக்குத் திரும்பி, ஆணியில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தான். முப்பத்தெட்டு வயசுக் கழுத்தின்மேல் ஒரு பையன் முகம் உட்கார்ந்திருந்தது. தெரிந்த பையன்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், தறியில் பாதி நெய்த சேலையை அப்படியே விட்டுவிட்டு, ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியின் வண்டியில் ஏறிப்போன பையன். போன ஆறாவது மாசமே குரல் உடைந்தது. அப்புறம் அவனுக்குப் பாட்டு இல்லை, திரை இழுக்கிற வேலைதான். அம்மா செத்த கடிதம் ஊர் ஊராகச் சுற்றி மூன்று மாசம் கழித்து அவன் கைக்கு வந்தது. அதற்கு மேல் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று இருந்துவிட்டான்.

"சாப்பிட்டயா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான். அந்த அறைக்குள் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

இந்த முகத்தோடு போகலாம் என்று தோன்றிற்று. போனது இதுதானே, திரும்பி வருவதும் இதுவாகவே இருக்கட்டும். சரவணமுத்து சொன்னது அவனுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. நேரில் போய் நின்று சொன்னால் புரியாதா என்று நினைத்துக்கொண்டான்.

எடப்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனைக்கு வந்தான். தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்த அண்டை வீட்டு அங்கம்மாள் நிமிர்ந்தாள். "சின்னண்ணன் மகன் மருதாசலமல்ல நீ? அதே மூஞ்சி!" என்றவள் கண் அவன் உதட்டுக்கு இறங்கியதும் வாயில் கை வைத்தாள். "அய்யோ, எப்பச் சாமி? காத்தால கூடத் தறிச் சத்தம் கேட்டுச்சே!"

"இல்லீங்க, இது வந்து சினிமாவுக்கு..."

யார் கேட்டார்கள்? அதே தெருவில் வாக்கப்பட்ட தங்கை கந்தம்மாள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். பின்னால் பத்துப் பெண்கள். மாரடித்துக்கொண்டு அப்பா சின்னண்ணனின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே தறிச் சத்தம் நின்றது. கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குக் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது.

"எவனுக்குடி அழுவறீங்க?"

"உங்களுக்குத்தானுங்கப்பா!" என்றாள் கந்தம்மாள். சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. மகனுக்கு ரொம்பக் கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கை தூக்கினார், அடிக்கப் போகிறாரா, தொடப் போகிறாரா என்று மருதாசலத்துக்குத் தெரியவில்லை. கை இறங்கிவிட்டது.

"பெத்தவ போனப்ப எடுக்காத மீசைய, நான் உசுரோட இருக்கறப்ப எடுத்துப்போட்டு வந்து நிக்கறான்," என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவனிடம், "மீசை மொளச்சதும் ஊட்டுக்கு வா. இப்பப் போ."

இருபத்திரண்டு வருஷத்தில் அப்பா அவனிடம் சொன்ன முதல் வார்த்தை. பஸ்ஸில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். 'போ' என்பதை விட்டுவிட்டு, 'ஊட்டுக்கு வா' என்கிற இடத்தை மட்டும்.

ஆனால் கம்பெனியில் ஒலிப்பதிவு கெட்டுப்போய், பையன் காட்சிகளை மறுபடி எடுத்தார்கள். இரண்டு மாசம் அந்த உதடு தினமும் கத்தியைப் பார்த்தது. அதன் பிறகுதான் மீசையை விட்டான். அது வளர்வதை வேறு வேலையில்லாதவன்போலத் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்தான். பழைய மீசையைவிட அடர்த்தியாக, பாதி நரையோடு வந்தது. பையன் முகம் அதற்கு அடியில் எங்கேயோ போய்விட்டது.

தை மாசம் கந்தம்மாள் யாரையோ கொண்டு எழுதிய கார்டு வந்தது. 'எடப்பாடிக் கொட்டகையில் உன் படம் ஓடுகிறது. அப்பா தினம் முதல் ஆட்டத்துக்குப் போகிறார். அவருக்கு இப்போது பக்கத்தில் நிற்கிற ஆள் முகமே தெரிவதில்லை. திரையில் பெரிசாய்த் தெரிகிறதாம். மீசை முளைத்ததா?'

அன்றே புறப்பட்டான். வீடு பூட்டியிருந்தது. கொட்டகைக்குப் போனபோது விளக்கு அணைந்து படம் தொடங்கியிருந்தது. மணல் தரையில் எல்லாருக்கும் முன்னால், திரைக்கு அடியிலேயே, துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. மருதாசலம் குனிந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆள் வந்த அரவம் கேட்டுக் கிழவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

திரையில் பண்ணாடி வேரைத் தின்றார். புகை வந்தது. புகைக்குள்ளிருந்து பையன் வந்தான். கொட்டகை முழுக்கக் கைதட்டிச் சிரித்தது. கிழவர் அண்ணாந்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி பார்த்தார். பெண்டாட்டி பையனின் காதைத் திருகினபோது, "மெல்லத் திருகு ஆயா," என்று முனகினார்.

பிறகு பக்கத்தில் இருக்கிற ஆளின் முழங்காலில் தட்டினார். "ஊருக்குப் புதுசுங்களா?"

"ஆமாங்க."

"அது என்ற பையனாக்கும்."

"இதே மூஞ்சியோடத்தான் ஊட்ட உட்டுப் போனான். மாறவே இல்லை பாருங்க." கிழவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மீசை மொளச்சதும் வரச் சொல்லியிருக்கறேன். வருவான்."

மருதாசலத்தின் கை மீசைக்குப் போயிற்று. நான்தானுங்கப்பா என்று சொல்ல வாயெடுத்தான். திரையில் பையன் சிலேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினான். அந்த வெளிச்சம் அப்பாவின் முகத்தில் விழுந்திருந்தது. பையன் ஓடுகிற பக்கமெல்லாம் அந்த முகமும் திரும்பிற்று. வாய்வரை வந்த வார்த்தையை மருதாசலம் விழுங்கிக்கொண்டான். பையன் போனதும் சொல்லலாம்.

புகை மறுபடி வந்தது. பையன் போய், வெள்ளை மீசையோடு பண்ணாடி வந்து நின்றார். கிழவர் உடனே எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெரிய படம் பார்க்க அவர் ஒருநாளும் இருந்ததில்லை போலிருக்கிறது. வழியில் கால் நீட்டியிருந்த ஆளைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஒதுங்கு சாமி," என்றார்.

மருதாசலம் காலை மடக்கிக்கொண்டான்.