கழுத்தளவு தண்ணீரில் சி.ஐ.டி.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் எழுந்து நின்று பெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சில வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, பத்தொன்பது வயதில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கச் சேர்ந்தேன். எழுபதுகளின் கடைசி அது.

ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலி என்று நினைக்க வேண்டாம். தீப்பெட்டி செய்யும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வரிசையாகப் பள்ளம் வெட்டிய பலகையில் பள்ளத்துக்கு ஒரு குச்சி வைத்து, அதன்மேல் அடுத்த பலகை, அதிலும் குச்சி என்று அடுக்கி இறுக்குவதைத்தான் கட்டை அடுக்குவது என்போம். அப்புறம் அதை மருந்தில் முக்க எடுத்துப் போவார்கள். கடைசியில் குச்சியைப் பெட்டியில் போட்டு, ஆபீசுக்கு ஆபீஸ் மாறும் படம் போட்ட லேபிளை ஒட்டுவார்கள். நாள் முழுக்க கைதான் ஓடும், வாய் சும்மா இருக்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யார் படம் பார்த்தார்களோ அவர்கள் திங்கட்கிழமை மற்றவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும்.

இதில் எல்லாரையும் மிஞ்சியவர் கயத்தாறு அக்கா. நாற்பதை நெருங்கியவர். ஊர் கயத்தாறுக்கும் அந்தப் பக்கம். ஞாயிறு காலை பூசையை முடித்துக்கொண்டு நேரே கோவில்பட்டிக்கு பஸ் ஏறி மேட்னி பார்த்துவிடுவார். சண்டைக் காட்சியைக் கூடக் குச்சி சிந்தாமல் சொல்லுவார். அவர் சொல்லும் கதைகளில் வில்லன் பெரும்பாலும் மலையிலிருந்து விழுந்துதான் சாவான்.

நானும் என் மதினியும் ஒரு ஞாயிறு சி.ஐ.டி. படம் ஒன்றுக்குப் போனோம். எங்கள் ஊர் எப்போதும்வென்றான் பக்கம். ஊருக்கு பஸ் சாயங்காலம் ஐந்து மணிக்கு. அதை விட்டால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான், அதில் வர வீட்டில் எங்களை விடமாட்டார்கள். மேட்னி முடிய ஐந்தரை ஆகும். அதனால் ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில் மதினி கையைப் பிடித்து இழுப்பார், எழுந்து வந்துவிடுவோம். நான் அதுவரை பார்த்த எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததில்லை. அது ஒரு குறையாகவும் தோன்றியதில்லை.

அன்றைக்கு எழுந்தபோது சி.ஐ.டி.யைப் பாதாள அறையில் நாற்காலியோடு கட்டிப்போட்டிருந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் கழுத்து வரை வந்துவிட்டது. வில்லன் மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்று சிரிக்கிறான். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது.

மறுநாள் கயத்தாறு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரம் அந்தப் படத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். குச்சியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தொடங்கினேன். சி.ஐ.டி.யின் வெள்ளைக் கோட்டு, செருப்புக்குள் ஒளித்த ரேடியோ, வில்லனோடு திரியும் சிவப்புச் சேலைக்காரி, படம் பிடிக்கும் லைட்டர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பக்கத்து வரிசைப் பெண்களும் பலகையை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். லைட்டர் மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை. ஊரில் எல்லாரும் லைட்டர் வாங்கிவிட்டால் நாம் எங்கே போவது என்று ஒருத்தி கேட்டாள். பாதாள அறைக்கு வந்தபோது ஒருவர் கையும் ஓடவில்லை. என்னை அப்படி யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "அங்கன நிறுத்திட்டாவ. மிச்சம் ரெண்டாம் பாகத்துல வருமாம்," என்று சொல்லிவிட்டேன்.

கயத்தாறு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அப்பச் சரி," என்று அடுத்த பலகையை எடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வரிசையில் ரெண்டாம் பாகம்தான் பேச்சு. அவனை யார் காப்பாற்றுவார், சிவப்புச் சேலைக்காரி நல்லவளா கெட்டவளா என்று ஒரே வழக்கு. இந்தத் தடவை அவன் லைட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தீப்பெட்டி வைத்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. படத்தில் வெளிநாட்டு ரோட்டில் ஓடுகிற சி.ஐ.டி.யைக் கரிசல் காட்டில் மழைக்கு அப்புறம் ஓடச் சொல்லிப் பார்ப்போம், காலில் ஒட்டின மண்ணோடு எவனைப் பிடிப்பான் என்று இன்னொரு கட்சி. எதைச் சொன்னாலும் கடைசியில் என்னைப் பார்ப்பார்கள். எனக்கு நடுவில் இடம் போட்டார்கள். நானும் இருக்கலாம், இருக்கலாம் என்று தலையாட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்தவள், ரெண்டே வாரத்தில் ஆறு பேரின் துவையலை ருசி பார்க்கிறவளாகிவிட்டேன்.

மூன்றாவது வாரம் டவுனிலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்தாள். வீடு தியேட்டருக்குப் பின்னால். படம் இன்னும் ஓடுகிறது, வருகிற ஞாயிறு பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றாள். அவளுக்கு பஸ் கிடையாது. கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பாள். திங்கட்கிழமை என் பொய் உடைந்துவிடும், நடு இடமும் போய்விடும். அதைவிட, இனி நான் வாய் திறந்தால் யார் நம்புவார்கள்?

சனிக்கிழமை தண்ணீர்ப் பானைப் பக்கம் அவளைத் தனியாகப் பார்த்து, நானும் வருகிறேன், ராத்திரி உங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். நான் வலியப் போய் ஒருவரிடம் கேட்ட முதல் காரியம் அதுதான். அவள் ஏன் என்றுகூடக் கேட்காமல் சரி என்றாள். வீட்டில் அண்ணனிடம் மதினிதான் பேசி அனுமதி வாங்கினார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "முடிவை என்ட்ட வந்து சொல்லணும் ஏட்டி," என்றார்.

இந்தத் தடவை மணியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் பழக்கத்தில் கால் தானாக எழுந்தது. டவுன்காரி இழுத்து உட்கார வைத்தாள். அப்புறம் நடந்தது அவ்வளவு பெரிதில்லை. சிவப்புச் சேலைக்காரி கதவைத் திறந்தாள். போலீஸ் வந்தது. சி.ஐ.டி. நாலு பேரை அடித்துவிட்டு அவளோடு விமானம் ஏறினான். திரையில் 'வணக்கம்' என்று போட்டார்கள். அந்த எழுத்தை நான் அன்றுதான் பார்த்தேன். ரெண்டாம் பாகம் என்று ஒரு பேச்சும் இல்லை.

டவுன்காரி என் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை. "நீயே சொல்லிரு. நான் வாயத் திறக்க மாட்டேன்," என்றாள்.

திங்கட்கிழமை எல்லாரும் உட்கார்ந்ததும், கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சொன்னது பொய், ரெண்டாம் பாகம் கிடையாது, முடிவு இதுதான். நாலு வரியில் முடிந்துவிட்டது. கண்ணைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

கயத்தாறு அக்காதான் முதலில் பேசினார். "பொய்யின்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்? நீ அஞ்சு மணி பஸ்காரிதான ஏட்டி. ஒனக்கு எப்படி முடிவு தெரியும்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். வரிசை முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு அஞ்சே கால் பஸ். இந்தா இவளுக்கு நாலே முக்கால். இங்கன இருக்கிறதுல எவ முடிவப் பாத்திருக்கா? எல்லாம் நாங்களா கட்டுததுதான். எனக்கு மலைய விட்டா வேற தெரியாது, அதனால வில்லன அங்கன இருந்து தள்ளிவிட்டுருவேன். முடிவு கட்டக்கூடப் பயந்து ரெண்டாம் பாகம்னு தள்ளிப் போட்டவ நீ ஒருத்திதான்."

எல்லாரும் சிரித்தார்கள். டவுன்காரி மட்டும் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள். பல வருஷம் கழித்து அந்தப் பழைய படங்கள் டி.வி.யில் வந்தபோது உட்கார்ந்து கடைசி வரை பார்த்தேன். ஒரு வில்லன்கூட மலையிலிருந்து விழவில்லை.

அன்றைக்குச் சிரிப்பு அடங்கியதும், விமானம் ஏறுவதெல்லாம் ஒரு முடிவா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். மூணு வாரம் காத்திருந்ததற்கு இது பற்றாது என்றாள் இன்னொருத்தி. கயத்தாறு அக்கா ஒரு கட்டுக் குச்சியை என் பக்கம் தள்ளிவிட்டு, "சரி, ரெண்டாம் பாகத்தச் சொல்லு. நீதான கெளப்பிவிட்ட," என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். டவுன்காரியும் தன் பலகையை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். நடு இடத்திலிருந்து என்னை யாரும் எழுப்பவில்லை.

சி.ஐ.டி.யைக் கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறக்கினேன். வெள்ளைக் கோட்டெல்லாம் கரி. பிளாட்பாரத்தில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பையில் கையை விட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்தான்.

"என்ன லேபிள்?" என்று கேட்டார் கயத்தாறு அக்கா.