ஆர்ச்வே தூண்டில்கடை

போன கிழமை, தருமத்துக்காகப் பழசு விற்கும் சரிட்டிக் கடைக்குக் கொடுப்பதற்காகப் பழைய கோட்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கோட்டின் பைக்குள் கையை விட்டதுதான் தாமதம், சுருக்கென்று குத்தியது. ஐயோ அம்மா என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பார்த்தால் ஒரு சின்ன இரட்டைத் தூண்டில் கொக்கி, துணியில் ஏறியபடி இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் கூர் மழுங்கவில்லை. விரலைச் சப்பிக்கொண்டே பெருமைப்பட்டேன். நான் பார்த்து எடுத்த கொக்கி அல்லவா!

லண்டன் ஆர்ச்வேயில் ஒரு தூண்டில்கடையில் வேலை செய்தேன் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனோ? உள்ளே போனால் எண்ணெய்த் தாளும் ஈரக் கம்பளியும் கலந்த மணம். முதலாளி டெரெக், தேநீரிலும் பிஸ்கட்டிலும் உயிர் வாழ்ந்த வெள்ளைக்காரக் கிழவர். கூட்டித் துடைக்கத்தான் என்னை எடுத்தார். ஒரு நாள் நான் கொக்கி ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, சால்மன் கொக்கிகள் வைத்திருந்த லாச்சிகளை, அந்த இழுப்பறைகள் முழுவதையும், என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

சால்மனுக்குக் கொக்கி எடுப்பது சேலை எடுப்பது போல இல்லை. பெரிய மீன், அப்படியானால் பெரிய கொக்கி என்று வருகிற எங்கள் ஆட்கள் எத்தனை பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்! ஆறு குளிர்ந்து பெருகி ஓடினால்தான் பெரியது. கோடையில் தண்ணீர் வற்றித் தெளிந்துவிட்டால் சின்னது போதும். இலக்கம் கூடினால் கொக்கி சிறுக்கும், அதையும் மாறி எடுப்பார்கள். இன்னொன்று கேளுங்கள். கடலிலிருந்து ஆற்றில் ஏறிய சால்மன் இரை எடுப்பதில்லை. மூக்குக்கு முன்னால் ஏதாவது ஆடினால் எரிச்சலில் கடிக்குமாம். எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டங்களில் சிலர் வாய் திறப்பதும் அப்படித்தான்.

எல்லாம் பார்த்த பிறகு, முனையைப் பெருவிரல் நகத்தில் மெல்ல இழுக்க வேண்டும். வழுக்கினால் கூர் போதாது, நகத்தைப் பிடித்தால் நல்ல கொக்கி. இது அப்பாவின் பழக்கம். அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவர். சண்டையில் இடம்பெயர்ந்த பிறகு அந்தக் கடலைத் திரும்பக் காணாமலே செத்துப்போனார்.

லண்டனில் அப்பாவின் தொழிலை நாங்கள் வெளியே சொல்வதில்லை. எங்கள் ஆட்கள் சாதியை நேரே கேட்க மாட்டார்கள், அவ்வளவு நாகரிகம்! "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். என் தம்பி ரூபனும் கிங்ஸ்பரியில் இருந்த துளசியும் ஒருவரை ஒருவர் விரும்பி, அவளுடைய தகப்பனார் அரை மனதாக இறங்கி வந்திருந்த நேரம் அது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாடம். ஊர் யாழ்ப்பாணம் ரவுண், அதாவது பட்டணம், அப்பா வியாபாரம், அக்காவான எனக்கு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை.

அந்த நேரம் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை, ஹைகேட் மேட்டுக் கோயிலில் முருகனைக் கும்பிட்ட கையோடு மலையிறங்கி ஒருவர் கடைக்குள் வந்தார். நெற்றி நிறைய விபூதி. அன்று விரதமாகக்கூட இருந்திருக்கும். வந்ததோ தூண்டில் வாங்க! துளசி அனுப்பிய குடும்பப் படத்தில் கண்ட முகம். அவளுடைய தகப்பனார்! அவருக்கு என்னைத் தெரியாது.

"தங்கச்சி தமிழோ? நல்லதாப் போச்சு. வேலையிலை பொஸ் என்னை ஸ்கொட்லாண்டுக்கு மீன் பிடிக்க வரச் சொல்லிப்போட்டான். சால்மனுக்கு நல்ல பெரிய கொக்கியாப் பாத்துத் தாங்கோ."

"எப்ப போறியள் ஐயா?"

"ஜூலையிலை."

"அப்ப பெரிசு வேண்டாம். தண்ணி வத்தியிருக்கும்."

சின்ன இரட்டைக் கொக்கிகளை எடுத்து, ஒவ்வொன்றாக நகத்தில் இழுத்துப் பார்த்தேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"கெட்டிக்காரிதான். உது ஆர் பழக்கினது? ஊரிலை எந்தப் பக்கம்?"

யாழ்ப்பாணம் ரவுண் என்ற பொய் தொண்டைவரை வந்தது. ஆனால் கையில் இருப்பது அப்பாவின் பழக்கம். அதை வைத்துக்கொண்டு அப்பாவை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"மயிலிட்டி. அப்பா பழக்கினவர். அவர் கடலுக்குப் போனவர். நான் ரூபன்ரை அக்கா, ஐயா."

அவர் நிமிர்ந்து காசை மேசையில் வைத்தார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, போட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

"உன்ரை வாயாலை என்ரை வாழ்க்கை போச்சு!" என்று விஷயம் அறிந்த ரூபன் குதித்தான். பிறகு என்னோடு பேச்சையே நிறுத்தினான். தம்பியை நினைத்து அழுதேன். சொன்னதை நினைத்து அழவில்லை.

சில நாட்கள் கழித்துத் துளசி கடைக்கே ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "அப்பா ஓகே சொல்லேல்லை. பட், நோ எண்டும் சொல்லேல்லை. எனக்கு அது போதும், மச்சாள்."

மச்சாள்! அப்போதே என்னைத் தன் புருஷனின் அக்காவாக்கிவிட்டாள். நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுததைக் கண்டு டெரெக் வெருண்டுபோய்த் தேநீர் போட ஓடினார், பாவம்.

கடைசியில் நடந்த கலியாணத்தில் துளசியின் ஐயா மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அடுத்த கோடையில் கடைக்கு வந்தார். லாச்சியைப் பார்த்துக்கொண்டே, "அந்தச் சின்னனிலை ஒண்டு பிடிபட்டது. திருப்பி ஆத்திலை விடவேணுமாம். விசர்ச் சட்டம்" என்றார். அதன்பின் கோடை தவறாமல் வந்தார். ஆற்றில் எவ்வளவு தண்ணீர், எந்த இலக்கக் கொக்கி, அவ்வளவுதான் பேச்சு. சுகம் விசாரித்ததுகூட இல்லை. எனக்கு உள்ளுக்குள் கோபம்தான், ஆனால் ஒரு மழுங்கல் கொக்கி கொடுத்ததில்லை.

பிறகு கிங்ஸ்பரி மண்டபமொன்றில் பிறந்தநாள் விழா. ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தங்கச்சி ஊரிலை எந்தப் பக்கம்?" என்று தொடங்கினார். நான் வாயைத் திறக்கும் முன், சாப்பாட்டுத் தட்டோடு நின்ற ஐயா முந்திக்கொண்டார். மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும் குரல்.

"மயிலிட்டி. இவவின்ரை தகப்பனார் கடலோடி. என்ரை சம்பந்தி."

அப்பாவை ஒரு நாளும் கண்டிராத மனிதர்.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் கோப்பி விற்கிறார்கள். டெரெக் இல்லை, லாச்சிகள் எங்கே போயினவோ தெரியாது. போன மாரியில் ஐயாவும் போய்விட்டார். இப்போது எனக்காக முந்திக்கொண்டு சொல்ல ஆளில்லை. நானே சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.