மஞ்சளை ஊருக்குக் கொடுத்தவள்

மேரியின் பல்லாண்டு உழைப்பை நான்தான் தெருவில் போட்டேன். வாய்தவறி அல்ல, வேண்டுமென்றே. இதைப் படிக்கும் நீங்கள் என்னை எப்படித் திட்டினாலும் சரி... செய்ததற்கு வருந்துகிறேன் என்று மட்டும் எழுத மாட்டேன்.

நாங்கள் இருவரும் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்தோம். ஈயம் கலக்காத மஞ்சள் நிறமி செய்வது எங்கள் ஆராய்ச்சி. பிஸ்மத், வனேடியம் உப்புகளை நீரில் சேர்த்து, கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களாக விளைவித்தவள் மேரி. முதலில் வந்தவை வெயிலில் கறுத்தன. துகள்மேல் மெல்லிய சிலிக்கா உறை போர்த்தினால் நிறம் நிற்கும் என்று கண்டவளும் அவளே. நான் உடன் நின்றேன், அவ்வளவுதான்.

காப்புரிமைக்கு நாங்கள் விண்ணப்பிக்குமுன்பே அந்த உரிமையை வாங்க ஒரு பெயின்ட் நிறுவனம் வந்தது. அந்தப் பணத்தில் சொந்தமாக ஓர் ஆய்வகம் அமைப்பது மேரியின் கனவு. ஆனால் அந்த நிறுவனத்து அதிகாரி, தயாரிக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, ஈய மஞ்சளே நன்றாக விற்கிறது, மற்றவர் கைக்குப் போகாமல் வாங்கி வைக்கிறோம் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மேரியிடம் அதைச் சொன்னேன்.

"அது அவங்க விருப்பம். என் பேர் அதுல இருக்கும்ல... எனக்கு அது போதும்" என்றாள்.

அந்த வாரம், சோதனைக்காக ஒரு படகில் பூசியிருந்த எங்கள் மஞ்சளைப் பார்க்க மீனவர் குப்பத்துக்குப் போனேன். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி படகின் பழைய மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முந்தானையெல்லாம் மஞ்சள் தூள். அதில் ஈயம் இருக்கலாம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்றேன்.

"அப்ப வேற மஞ்சள் இருக்காக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது... பூட்டி வைக்கப் போகிறார்கள் என்று எப்படிச் சொல்வேன்?

விண்ணப்பிக்குமுன் செய்முறை வெளியே தெரிந்துவிட்டால் காப்புரிமை கிடைப்பது அரிது. அது தெரிந்தேதான், சிறு பெயின்ட் பட்டறைக்காரர்களின் கூட்டத்தில் பேசப் போனேன். உப்பின் அளவு, சூடு, உறை... ஒன்று விடாமல் சொன்னேன். வீடியோ எடுக்கலாமா என்றார்கள். எடுங்கள் என்றேன்!

நிறுவனம் விலகிக்கொண்டது. மேரி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தெரியாமதானே சொல்லிட்ட?"

"ஆமா" என்றேன்.

இன்று சில பட்டறைகளில் அந்த மஞ்சள் தயாராகிறது. மறுபடி அந்த மேடை கிடைத்தாலும் மறுபடி சொல்வேன். ஆனால் நான் வாரிக் கொடுத்தது என் உழைப்பையா? அந்த "ஆமா" யாருக்காக? படகுக்காரிக்காகவா? இல்லை... தோழி என்னைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் வந்தது.

மேரி இப்போது ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். சென்ற ஞாயிறு, சாரம் பகுதியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பிரான்சிலிருந்து வந்திருந்த நாத்தனாருக்கு என்னை அறிமுகப்படுத்தினாள்.

"இவ ஒரு வெள்ளந்தி. எதையும் மறைக்கத் தெரியாது" என்று சொல்லி என் தோளில் கை போட்டாள்.

அந்தக் கையை நான் விலக்கவில்லை.